ராமநாதபுரம் கடற்கரையில் பறவை பார்க்க ஸ்பாட்டிங் ஸ்கோப்: வாங்குவது, ட்ரைபாடில் மாட்டுவது, உப்பிலிருந்து காப்பாற்றுவது

தனுஷ்கோடி போகிற வழியில், கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் இறங்கியிருக்கும்போது 8×42 பைனாகுலரில் பார்த்தால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் தெரியும். அதில் எத்தனை குஞ்சு, எத்தனை வளர்ந்த பறவை, நடுவே சின்னப் பூநாரை ஏதாவது கலந்திருக்கிறதா என்றால் சொல்ல முடியாது. கிட்டே நடந்து போனால் கூட்டமே எழும்பிவிடும், போகவும் கூடாது. இங்கேதான் ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ட்ரைபாடில் வைத்து ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, தேவைப்படுகிறது.

இதை வாங்கப் போனபோது நானும் கூட வருகிற நண்பர்களும் நிறைய அலைந்தோம். இணையத்தில் கிடைக்கிற ஆலோசனை பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிக்கரையில் நிற்பவர்கள் எழுதியது. அங்கே 60 மடங்கு ஜூம் நன்றாக வேலை செய்யும். நம் கரையில் காலை ஒன்பதரைக்கு மேல் மணலிலிருந்து கானல் எழ ஆரம்பித்துவிடும், காற்று விடாமல் அடிக்கும், அந்தக் காற்றில் உப்பும் இருக்கும். கண்ணாடி எவ்வளவு உசத்தி என்பதைவிட, கால் ஆடாமல் நிற்கிறதா, உப்பு உள்ளே போகாமல் இருக்கிறதா என்பதுதான் இங்கே முக்கியம். புதிதாக வாங்குபவர்கள் பணத்தையும் ஒரு சீசனையும் வீணாக்காமல் இருக்க, எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. எங்கே நின்று பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லா இடத்துக்கும் ஸ்கோப் தேவையில்லை. காரங்காடு அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகில் போகிறீர்கள் என்றால் ஸ்கோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். படகு ஆடுகிற ஆட்டத்தில் 20 மடங்கில் ஒன்றும் நிற்காது, பைனாகுலர்தான் உதவும். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் மாதிரிக் கண்மாய்களில் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகளைக் கரையில் நின்று பார்ப்பவர்களுக்குச் சின்ன ஸ்கோப்பே போதும். தனுஷ்கோடி நீர்ப்பரப்பு, வாலிநோக்கம் உப்பளம், மண்டபம் பக்கத்துச் சேற்றுத்திட்டு இவைதான் ஸ்கோப் இல்லாமல் ஒன்றும் நடக்காத இடங்கள். உப்புக்கொத்தியும் உள்ளானும் சின்னப் பறவைகள், திறந்த வெளியில் தூரத்தில் நிற்கும். சின்ன மணல் உப்புக்கொத்தியையும் பெரிய மணல் உப்புக்கொத்தியையும் அலகின் நீளமும் கால் நிறமும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அதற்குப் பைனாகுலர் போதாது.

நேரக் கணக்கும் இங்கேயே. வலசைப் பறவைகள் செப்டம்பர், அக்டோபரில் வர ஆரம்பித்து மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கும். அதில் கலந்துகொள்ள ஆசை இருந்தால் டிசம்பரில் ஓடிப்போய் வாங்காதீர்கள். ஆகஸ்டிலேயே வாங்கினால் சோதித்துப் பார்க்கவும், குறை இருந்தால் மாற்றவும், கை பழகவும் நேரம் இருக்கும்.

2. பணத்தைப் பிரிக்கும்போது ட்ரைபாடுக்கு முதலில் எடுத்து வையுங்கள்

கையில் 30 ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்றால் 28 ஆயிரத்தை ஸ்கோப்புக்குப் போட்டுவிட்டு மிச்சத்தில் ஒரு ட்ரைபாட் வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. தனுஷ்கோடி ரோடு முடியும் அரிச்சல்முனையில் ஐந்து நிமிடம் நின்றால் அந்த ட்ரைபாட் என்ன கதி ஆகிறது என்று தெரிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கையாவது காலுக்கும், அதன் மேல் ஸ்கோப்பைப் பிடித்துத் திருப்பும் ஹெட்டுக்கும் ஒதுக்குங்கள். இன்றைய விலையில் தோராயமாக இப்படி வரும்:

- 60 அல்லது 65 மி.மீ. சாதாரண ஸ்கோப்: 8 ஆயிரத்திலிருந்து 15 ஆயிரம் வரை
- 80 மி.மீ. நடுத்தர ஸ்கோப்: 18 ஆயிரத்திலிருந்து 30 ஆயிரம்
- ஈடி கண்ணாடி (நிறக்கசிவைக் குறைக்கும் உயர்வகைக் கண்ணாடி) போட்டது: 40 ஆயிரத்துக்கு மேல். ஐரோப்பியக் கம்பெனிகளுடையது லட்சங்களில்
- ட்ரைபாடும் ஃப்ளூயிட் ஹெட்டும் சேர்த்து: 8 ஆயிரத்திலிருந்து 15 ஆயிரம்
- போன் மாட்டும் அடாப்டர்: ஆயிரம் ரூபாய் வாக்கில்
- புளோயர், லென்ஸ் திரவம், டிஷ்யூ, காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத மீட்டர்: எல்லாம் சேர்த்து 2 ஆயிரத்துக்குள்

கடைசி வரியில் இருப்பதைப் பலரும் "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்கோப் வாங்குகிற அன்றைக்கே இவற்றையும் வாங்கிவிடுங்கள். இந்தக் கரையில் ஒரு மழைக்காலம் போதும், லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

ட்ரைபாடோடு சேர்த்து இலவசமாக ஒரு ஸ்கோப் என்றோ, ஸ்கோப்போடு ஒரு சாண் உயர மேசை ட்ரைபாட் இலவசம் என்றோ விற்பார்கள். அந்தக் குட்டி ட்ரைபாட் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து நிலா பார்க்க உதவும், கரைக்கு உதவாது.

3. ஸ்கோப்பைத் தேர்ந்தெடுப்பது

பெட்டியில் 20–60×80 என்று போட்டிருந்தால் 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 80 மி.மீ. என்று அர்த்தம். முன் லென்ஸின் அளவை மடங்கால் வகுத்தால் வருவது கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 80-ஐ 20-ஆல் வகுத்தால் 4 மி.மீ., படம் பளிச்சென்று இருக்கும். அதையே 60-ஆல் வகுத்தால் 1.3 மி.மீ.தான், படம் மங்கிவிடும், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே கறுத்துவிடும். அதனால் "100 மடங்கு", "250 மடங்கு" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நம் கரையில் பெரும்பாலான நேரம் 20-க்கும் 35-க்கும் நடுவில்தான் பார்ப்பீர்கள். உப்புக்கொத்தி காலில் ஆய்வாளர்கள் மாட்டியிருக்கிற வண்ணக் கொடியைப் படிக்கிற மாதிரி வேலை வந்தால் மட்டும், அதிகாலைக் குளிர்ச்சியில், 45 மடங்குக்கு மேல் போகலாம்.

60-ஆ 80-ஆ? வண்டி உள்ளவர்கள் 80 வாங்கலாம். பஸ்ஸில் வந்து இறங்கி மணலில் நடக்கப் போகிறவர்கள் 65 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 80 மி.மீ. ஸ்கோப் ஒன்றரை கிலோவைத் தாண்டும், அதைத் தாங்கும் ட்ரைபாட் இன்னும் இரண்டு கிலோ. வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு போகத் தயங்கி வீட்டிலேயே வைத்துவிடுவதற்கு எதற்கு அவ்வளவு பணம்.

நேர்க்குழாயா, 45 டிகிரி சாய்ந்த கண்குழாயா என்பது அடுத்த கேள்வி. சாய்ந்ததைத்தான் சொல்வேன். ட்ரைபாடை அவ்வளவு உயர்த்த வேண்டியதில்லை, தாழ்வாக இருந்தால் காற்றில் ஆடாது, பிள்ளைகளும் எட்டிப் பார்க்கலாம். நேர்க்குழாயில் பறவையைச் சீக்கிரம் பிடிக்கலாம், வண்டிக்குள் உட்கார்ந்தபடி பார்ப்பதற்கும் அது வசதி. வயசானவர்கள், கழுத்து வலி உள்ளவர்கள் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி உள்ளிருந்தே பார்ப்பார்கள் என்றால் அவர்களுக்கு நேர்க்குழாய்தான் சரி.

கண்ணாடி அணிபவர்கள் கண்குழாயின் ஐ ரிலீஃப், அதாவது முழுப் படமும் தெரியக் கண்ணைத் தள்ளி வைக்கக்கூடிய தூரம், எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். 15 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் படத்தின் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுத் தெரியும். ஜூம் ஏற ஏற இந்த அளவு மாறுகிற மாடல்களும் உண்டு, அதனால் குறைந்த அளவு எது என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே படத்தை நிமிர்த்தும் பிரிசம் பாக்-4 (BaK-4) கண்ணாடி வகையாக இருக்கட்டும். எல்லா லென்ஸ் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருக்க வேண்டும். ஈடி கண்ணாடி இருந்தால் வெள்ளைப் பறவையின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக வரும் நிறக்கசிவு குறையும். பூநாரை, கொக்கு, ஆலா என்று நாம் பார்ப்பதெல்லாம் வெள்ளையாக இருப்பதால் இது நமக்குக் கண்கூடாகத் தெரியும், பணம் இருந்தால் இதற்குக் கொடுக்கலாம். எதை விட்டாலும் ஒன்றை விடாதீர்கள்: உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த, தண்ணீர் புகாத ஸ்கோப்பாக இருக்க வேண்டும். "தண்ணீர் தெறித்தால் தாங்கும்" என்று எழுதியிருப்பது வேறு. ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், அப்படிப்பட்டதைத் தேடுங்கள்.

ஒரு பொறியையும் சொல்லியாக வேண்டும். கடைத் தளங்களில் "ஸ்கோப்" என்று தேடினால் துப்பாக்கியில் மாட்டும் ஸ்கோப்தான் முதலில் வரிசையாக வரும். 3–9×40 என்று மூவாயிரம் நாலாயிரத்துக்கு மலிவாக இருக்கும், "இதுவும் தூரத்தில் இருப்பதைக் காட்டத்தானே செய்கிறது" என்று வாங்கிவிடுகிறார்கள். அது 9 மடங்குக்கு மேல் போகாது, கண்ணை மூன்று நான்கு அங்குலம் தள்ளி வைத்துத்தான் பார்க்க முடியும், நடுவில் குறுக்குக் கோடு இருக்கும், ட்ரைபாடில் திருகும் துளையும் இருக்காது. அதோடு, கடற்படையும் கடலோரக் காவல் படையும் ரோந்து வருகிற இடத்தில் கையில் துப்பாக்கி ஸ்கோப்போடு நின்றால் கேள்வி வரத்தான் செய்யும். வேண்டவே வேண்டாம்.

4. பில், வாரண்டி, திருப்பி அனுப்பும் நாட்கள்

பில்லில் உங்கள் பெயர், மாடல், ஸ்கோப்பின் சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். சீரியல் எண் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்கப் போய் அலைந்தவர்களில் நானும் ஒருவன். கடைக்காரர் "அதெல்லாம் தேவையில்லை சார்" என்பார். எழுதி வாங்கிவிட்டுத்தான் நகர வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து போனில் வீடியோ எடுங்கள். சீரியல் எண் தெரிய ஒரு படமும் எடுத்து, பில்லோடு சேர்த்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரை கேட்கும் கம்பெனிகளும் உண்டு, கம்பெனித் தளத்தில் பதிவு செய்தால்தான் வாரண்டி என்பவையும் உண்டு. வாங்கிய அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. "மச்சான் வரும்போது துபாயிலிருந்து ஒன்று வாங்கிட்டு வரட்டும்" என்ற யோசனை எல்லோருக்கும் வரும். விலை குறையலாம், ஆனால் அந்த வாரண்டி இங்கே செல்லுமா என்று கம்பெனியிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள். அப்படியே வாங்கி வந்தாலும் அசல் பில் பெட்டியோடு வரட்டும், விமான நிலையத்தில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை, அதுவும் திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள்:

மெதுவாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். ஓரிரண்டு தூசு இருந்தால் பரவாயில்லை, சிலந்தி நூல் மாதிரியோ பனிமூட்டம் மாதிரியோ தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். அதிகாலையில் அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை 20 மடங்கில் ஃபோகஸ் செய்யுங்கள், அப்புறம் மெதுவாக முழு ஜூமுக்குப் போங்கள். நடு எழுத்து கூர்மையாக இருக்கிறதா, எழுத்து இரட்டையாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஜூமை மாற்றும்போது ஃபோகஸ் லேசாக விலகுவது சகஜம், ஆனால் திருத்தவே முடியாமல் மங்கினால் அந்தப் பீஸில் குறை இருக்கிறது. வானப் பின்னணியில் ஒரு மின்கம்பியைப் பார்த்தால் நிறக்கசிவு எவ்வளவு என்று தெரியும். இதையெல்லாம் மதியம் செய்யாதீர்கள், கானலை ஸ்கோப்பின் குறை என்று நினைத்துவிடுவீர்கள்.

5. ட்ரைபாடில் மாட்டுவது

ஸ்கோப்பின் அடியில் ஒரு பாதம் இருக்கும், அதில் கால் அங்குலத் திருகுத்துளை. ட்ரைபாட் ஹெட்டிலிருந்து பிளேட்டை (ஸ்கோப்பைத் தாங்கும் தட்டு) கழற்றி அதில் திருக வேண்டும். கையால் திருகியது போதாது, காசோ ஆலன் சாவியோ வைத்து இறுக்குங்கள். பிளேட்டில் திருகுக்கு முன்னால் சின்னதாக ஒரு முளை இருந்தால், அது பாதத்தில் இருக்கும் இரண்டாவது துளையில் உட்கார வேண்டும். ஸ்கோப் திரும்பிவிடாமல் பிடிப்பது அதுதான். முளைக்குத் துளை இல்லாத ஸ்கோப் என்றால் பிளேட்டின் ரப்பர் பரப்பு முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள். மணல் துகள் ஒன்று நடுவில் மாட்டினாலும் பிடிப்பு போய்விடும், பாதமும் கீறும். கடையிலிருந்து வேறு அளவு பிளேட் வந்து சேர்வது அடிக்கடி நடக்கிறது. ட்ரைபாட் வாங்கும்போதே பிளேட்டை ஹெட்டில் போட்டு, பூட்டி, ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். இன்னொரு பிளேட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் நல்லது.

அடுத்தது சமநிலை. ஹெட்டின் சாய்வுப் பூட்டைத் தளர்த்திவிட்டுக் கையை மெதுவாக எடுங்கள். ஸ்கோப் முன்னால் கவிழ்ந்தால் பிளேட்டோடு சேர்த்து ஸ்கோப்பைப் பின்னுக்கு நகர்த்துங்கள், பின்னால் சாய்ந்தால் முன்னுக்கு. கை விட்டாலும் அப்படியே நிற்க வேண்டும். போன் அடாப்டர் மாட்டினால் எடை பின்பக்கம் ஏறும், திரும்பவும் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டை இறுக்கி இறுக்கிச் சமாளித்தால், பறவையைப் பிடித்துப் பூட்டியதும் குழாய் ஒரு விரல் அளவு கீழே இறங்கிப் பறவை காணாமல் போகும்.

ஹெட் எது? பந்து வடிவ ஹெட் கேமராவுக்கு நல்லது, ஸ்கோப்புக்கு வேண்டாம். ஒரு பக்கம் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சரிந்துவிடும். நீளக் கைப்பிடி உள்ள ஃப்ளூயிட் ஹெட் வாங்குங்கள். இடவலம் ஒரு பூட்டு, மேல்கீழ் ஒரு பூட்டு, நடுவில் வழவழவென்று நகரும்.

கால்களைப் பற்றி இரண்டு விஷயம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றும். காய்ந்த கரையில், காற்றில் நிற்கும்போது மேலே இருக்கும் தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள், கடைசி ஒல்லிப் பகுதியைத் தேவைப்பட்டால் மட்டும். சேற்றிலோ உப்புத் தண்ணீரிலோ கால் வைக்க வேண்டுமானால் நேர்மாறாக, கடைசி ஒல்லிப் பகுதியை முழுதாக முதலில் நீட்டுங்கள். அப்போதுதான் பூட்டுகள் தண்ணீருக்கு மேலே நிற்கும். பூட்டுக்குள் உப்பும் மணலும் போனால் அந்தக் காலைக் கழற்றிக் கழுவாமல் தீராது. அதனாலேயே திருகுப் பூட்டைவிட மடக்குப் பூட்டுள்ள ட்ரைபாடை இந்தக் கரைக்குச் சிபாரிசு செய்கிறேன், அதைச் சுத்தம் செய்வது சுலபம். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், அதை உயர்த்தினால் மூன்று காலின் மேல் ஒரு குச்சியை நட்டு அதன்மேல் ஸ்கோப்பை வைத்த மாதிரிதான். தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையை மாட்டுங்கள், ஆனால் பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடி ஆட்டத்தைக் கூட்டும்.

கார்பன் கால் துருப்பிடிக்காது, லேசும்கூட, ஆனால் விலை அதிகம். அலுமினியக் கால் போதும், கழுவித் துடைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

6. குறிபார்க்கப் பழகுவது

20 மடங்கில் ஸ்கோப் காட்டுவது ரொம்பச் சின்ன வட்டம். பறவை கண்ணுக்கு நேரே நிற்கும், ஸ்கோப்பில் வெறும் தண்ணீர் தெரியும். இதில் சலித்துப்போய் ஸ்கோப்பையே விட்டவர்கள் உண்டு. ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை முன் லென்ஸ் உறையைச் சுற்றி இறுக்கி, முடிச்சு உச்சியில் வருமாறு வைத்து, வாலை ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். இன்னொன்றைக் குழாயின் பின்பகுதியில் அதே மாதிரி. தூரத்துக் கம்பம் ஒன்றை ஸ்கோப்பின் நடுவில் கொண்டுவந்து பூட்டிவிட்டு, இரண்டு வால்களும் அந்தக் கம்பமும் ஒரே கோட்டில் வருமாறு நகர்த்தி நிறுத்துங்கள். பத்து ரூபாய்கூட ஆகாது. அதற்கப்புறம் எந்தப் பறவையையும் அந்தக் கோட்டில் வைத்தால் ஸ்கோப்பில் வந்துவிடும்.

எப்போதும் குறைந்த ஜூமில் தேடுங்கள், கிடைத்ததும் ஏற்றுங்கள். இன்னொரு கண்ணை மூடாமல் பழகினால் அரை மணி நேரம் பார்த்தாலும் கண் வலிக்காது. போன் அடாப்டரை வீட்டிலேயே சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். கரையில் வெயிலில் போன் திரை தெரியாது. படம் எடுக்க விரலால் தொட்டால் ஆடும், மூன்று நொடி டைமர் வையுங்கள்.

சூரியனை ஸ்கோப்பில் பார்க்கக் கூடாது, ஒரு நொடிகூட. பார்வையே போய்விடும். ட்ரைபாடில் நிற்கவைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் மூடி போட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் ஸ்கோப்பை விட்டு நகரவே வேண்டாம்.

7. அனுமதியும் அடையாள அட்டையும்

ரோட்டில் நின்று பார்ப்பதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். ஆனால் இது எல்லைப் பகுதி. ஆதார் அட்டையும், ஸ்கோப்பின் பில் நகலும் பையில் இருக்கட்டும். யாராவது கேட்டால் பறவையைக் காட்டுங்கள், அவர்களையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். உச்சிப்புளி கடற்படை விமான தளம், ரோந்துக் கப்பல்கள், ரேடார் கோபுரங்கள், பாம்பன் பாலத்துக் காவல் ஆட்கள் இருக்கும் பக்கம் ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள், போன் மாட்டிய ஸ்கோப்பை அறவே திருப்பாதீர்கள்.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. மீனவ நண்பர் "வாங்க, நான் இறக்கிவிடுறேன்" என்று அன்பாகக் கூப்பிட்டாலும் போகாதீர்கள், வழக்கு அவர் மேலும் விழும். ஆராய்ச்சி, கணக்கெடுப்பு மாதிரிக் காரணம் இருந்தால் ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். யார் யார் வருகிறார்கள், எந்தத் தேதி, எந்தத் தீவு, எதற்கு என்று தெளிவாக எழுதி அடையாள அட்டை நகல்களை இணையுங்கள். போக வேண்டிய நாளுக்கு முந்தின வாரம் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், மாதக்கணக்கில் முன்னாலேயே கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காக 2025 ஜூனில் சுமார் 524 ஹெக்டேர் பரப்பைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். நீர்ப்பரப்புக்குள் இறங்கி நடப்பதை இனி யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது நல்லதுதான். அரிச்சல்முனை ரோட்டில் இருட்டுவதற்கு முன்னாலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் மாலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். வாலிநோக்கத்தில் உப்பளப் பாத்திகளுக்குள் போக வேண்டுமானால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வேலை செய்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வரப்பில் நில்லுங்கள். வரப்பு உடைந்தால் அவர்கள் பிழைப்பு.

8. கரையில் நிற்கும்போது

விடிந்ததிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரைதான் நல்ல நேரம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு, காலையில் நீருக்குக் கிழக்கே நின்று மேற்கே பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். கானல் எழுந்ததும் ஜூமைக் குறையுங்கள், அப்படியும் படம் அலைபாய்ந்தால் மூடிவிட்டு வாருங்கள். லட்ச ரூபாய் ஸ்கோப்பிலும் அந்த நேரத்தில் இதே கதைதான்.

ஏற்றமும் வற்றமும் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் சேற்றுத்திட்டு எப்போது வெளியே தெரியும் என்பதைக் காற்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. வாடைக் காற்று பலமாக அடிக்கிற நாளில் பாக் நீரிணைப் பக்கத்துக் கரையில் தண்ணீர் ஏறி நிற்கும். அந்தந்த ஊர் மீனவரிடம் முந்தின நாள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதுபோல எந்த ஆப்பும் உதவுவதில்லை.

வண்டியை மறைப்பாக வைத்து, காற்று வராத பக்கம் நில்லுங்கள். ட்ரைபாடை இடுப்பு உயரத்துக்கு இறக்கி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் பாதி ஆட்டம் போய்விடும். பறவைகள் தலையைத் தூக்கி ஒரே பக்கம் நடக்க ஆரம்பித்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இரை எடுக்கிற உயிர்கள் அவை. நம்மால் ஒரு தடவை எழும்பிப் பறந்தால் அதற்கான தெம்பையும் அந்தச் சேற்றிலிருந்துதான் தேட வேண்டும்.

9. வீடு திரும்பியதும், அன்றைக்கே

இதை மறுநாளைக்கு என்று தள்ளாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். திருகுகள் துருப்பிடிப்பதும் அலுமினியம் வெளுத்துப் பொடிப்பதும் அதனால்தான்.

முதலில் உடம்பு. மூடிகள் எல்லாம் போட்டபடி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் குழாய், ஃபோகஸ் வளையம், பாதம், திருகு எல்லாவற்றையும் துடையுங்கள். நம் ஊர் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் துடைத்தால் துடைத்ததற்கே அர்த்தமில்லை, குடிக்கிற தண்ணீரை எடுங்கள். ட்ரைபாட் கால்களை முழுதாக நீட்டிக் கழுவி, நீட்டியபடியே நிழலில் காயவிடுங்கள். மடக்கி வைத்தால் உள்ளே ஈரம் தங்கும்.

அடுத்து லென்ஸ். முதலில் புளோயரால் மணலை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மென்மையான பிரஷ். கடல் தெறித்து லென்ஸில் உப்புப் படிந்திருந்தால் காய்ந்தபடி துடைக்கவே கூடாது. உப்புப் படிகம் பூச்சைக் கீறிவிடும். ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டரை டிஷ்யூவில் விட்டு, லென்ஸின் மேல் சில நொடி ஒற்றி, உப்பு கரைந்ததும் எடுங்கள். அதற்கப்புறம்தான் லென்ஸ் திரவம், அதையும் டிஷ்யூவில் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். லென்ஸில் நேரடியாகத் தெளிக்காதீர்கள். வேட்டி நுனி, துண்டு, சட்டை எதுவும் லென்ஸ் பக்கம் வரக் கூடாது. கண்குழாயில் இமையின் எண்ணெய் ஒட்டும், அதை வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். முன் லென்ஸைத் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள், நாலு தூசு படத்தைக் கெடுக்காது.

டபிள்யூடி-40 மாதிரித் துரு நீக்கும் தெளிப்பான்களை ஸ்கோப் பக்கமே கொண்டு வராதீர்கள். ட்ரைபாட் பூட்டுக்குச் சிலிக்கான் கிரீஸ் பொட்டளவு போதும்.

ஸ்கோப் கடலில் விழுந்துவிட்டால், நீர்புகாத வகை என்றால் உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். உள்ளே துளி தெரிந்தால் திறந்து பார்க்க முயலாதீர்கள், அப்படியே சர்வீஸுக்கு அனுப்புங்கள். திறந்தால் நைட்ரஜனும் போகும், வாரண்டியும் போகும்.

10. எங்கே வைப்பது

துணிப் பை, தோல் உறை, பஞ்சு வைத்த பெட்டி இவை ஸ்கோப்பைத் தூக்கிப் போவதற்கு மட்டும். ராத்திரி அதற்குள் வைத்தால் ஈரம் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையும் பறவைகள் வரும் காலமும் நமக்கு ஒன்றாகவே வருவதால் அந்த மாதங்களில் ரொம்பக் கவனம் வேண்டும். சமையலறைக்கு வாங்குகிற, ரப்பர் வளையமும் பூட்டும் உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். மீட்டர் 40-லிருந்து 50 சதவீதம் காட்டினால் சரி. 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, வாணலியில் லேசான சூட்டில் நிறம் திரும்பும்வரை வறுத்து ஆறவைத்துப் போடலாம். அதற்கென்று தனி வாணலி வையுங்கள், அதில் அப்புறம் சமைக்காதீர்கள்.

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ எடுத்து உடனே கடற்காற்றில் திறந்தால் லென்ஸ் முழுக்க வியர்க்கும். பையை மூடியபடியே வெளியே இருபது நிமிடம் வைத்துவிட்டுத் திறவுங்கள். மூடிய காரை வெயிலில் நிறுத்தி அதற்குள் ஸ்கோப்பை விடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி லென்ஸில் படியும்.

11. சர்வீஸ்

லென்ஸின் உள்பக்கம் நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஆரம்பத்திலேயே கொடுத்தால் சுத்தம் செய்துவிடலாம், விட்டால் பூச்சையே அரித்துவிடும். வாரண்டி இருந்தால் கம்பெனி வழியாக மட்டும் அனுப்புங்கள். பூஞ்சையை வாரண்டியில் சேர்க்காத கம்பெனிகளும் உண்டு, முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்தது என்றால் மதுரையிலோ சென்னையிலோ கேமரா லென்ஸ் சுத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் "நைட்ரஜன் திரும்ப நிரப்புவீர்களா" என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த ஸ்கோப் இனி நீர்புகாத ஸ்கோப் இல்லை என்று வைத்துக்கொண்டு அதற்கேற்பப் பயன்படுத்த வேண்டும். மொத்தச் செலவை எழுதி வாங்குங்கள், கூரியரில் அனுப்பினால் பொருளின் மதிப்பைப் போட்டுக் காப்பீடு எடுங்கள், அனுப்புவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள்.

என் ஸ்கோப்பை ஒரு சர்வீஸ் சென்டருக்கு நவம்பரில் அனுப்பினேன், பாகம் வரவில்லை என்று சொல்லிச் சொல்லியே அந்த சீசன் முழுவதும் போய்விட்டது. பறவைகள் கிளம்பிய பிறகு ஏப்ரல் கடைசியில் அனுப்பினால் எவ்வளவு இழுத்தாலும் ஆகஸ்டுக்குள் கைக்கு வந்துவிடும். கச்சான் காற்று அடிக்கிற அந்த மாதங்களில் கரையில் மணல் பறக்கும், ஸ்கோப்புக்கு அப்போது பெரிய வேலையும் இல்லை. ட்ரைபாட் கால்களைக் கழற்றிக் கழுவுவது, தேய்ந்த ரப்பர் பாதங்களை மாற்றுவது, புது சிலிக்கா ஜெல் வாங்குவது எல்லாவற்றையும் அதே சமயத்தில் முடித்துவிடுங்கள்.